உரும்பிராய் வீட்டுக்கு ஒரு தனி எண்

கரண்ட் போய் வந்த பிறகு வீட்டுச் சேர்வரைக் காணவில்லை என்று என்னிடம் சொல்பவர்கள் கூடிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருப்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற நாட்களில் நாலு கமராக்களையும், தண்ணீர்த் தாங்கியின் மட்டம் பார்க்கும் கருவியையும், கிணற்று மோட்டரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சையும் பூட்டி, எல்லாவற்றையும் நடத்த ஒரு சின்னக் கணினியை ரி.வி.க்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியோடு வாழ வேண்டியவர்கள் தாய் தகப்பன்தான்.

அண்மையில் உரும்பிராயில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் இரவு மழையோடு கரண்ட் போய்ப் போய் வந்திருந்தது. "பெட்டியில லைற் எரியுது தம்பி. போனிலதான் ஒண்டும் வருகுதில்லை. அவன் எழும்பினாப் பிறகு கேப்பம் எண்டு இருக்கிறன்" என்றார். காலை பதினொரு மணி. மகன் இருக்கும் ஸ்காபரோவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. தன் வீட்டுப் படலையில் யார் நிற்கிறார்கள் என்று கமராவில் பார்க்க சின்னம்மா இன்னும் பல மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அந்தப் படமோ அவர் இருந்த கதிரைக்குப் பக்கத்திலேயே, அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மோட்டரின் பழைய கைச்சுவிட்சைக் கழற்றாமல் விட்டிருந்தபடியால் தண்ணீருக்குக் குறைவில்லை. எந்த வீட்டிலும் அதைக் கழற்ற விடாதீர்கள்.

பெட்டிக்குள் ஓடுவது ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவச மென்பொருள். பவுலுஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013இல் தொடங்கியது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். வீட்டின் தகவலை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது அதன் சிறப்பு. இணையம் நின்றாலும் மோட்டர் ஓடும், கமரா பதியும். சின்னம்மாவின் போனில் மகன் 192.168.1.6 என்ற எண்ணைப் பதிந்து வைத்திருந்தார். அன்று காலை அந்த எண்ணில் இருந்தது ரி.வி. சேர்வர் வேறொரு எண்ணுக்குப் போயிருந்தது.

வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுப்பது ரவுட்டர். 1993இல் வகுக்கப்பட்ட டிஎச்சிபி என்ற முறை அதற்கு இருக்கிறது. தோட்டக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதுபோல, எண்ணையும் குறித்த காலத்துக்குத்தான் கொடுக்கும். பல ரவுட்டர்களில் அது ஒரு நாள். தவணையில் பாதி கழியும்போதே கருவி புதுப்பிக்கக் கேட்கும், ரவுட்டரும் சம்மதிக்கும். ஆகவே கரண்ட் நிற்காத வரைக்கும் மாதக்கணக்கில் அதே எண் நீடிக்கும், அது நிரந்தரமானது என்று எல்லோரும் நம்பியும் விடுவார்கள். மலிவான ரவுட்டர்கள் பல, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் அந்தக் கணக்கும் போய்விடும். கரண்ட் வந்ததும் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். சேர்வர் எழும்ப ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும், அதற்குள் ரி.வி.யோ பல்போ முந்திக்கொண்டு அதன் எண்ணை வாங்கிவிடும். சேர்வர் வந்து பழைய எண்ணைக் கேட்டால் ரவுட்டர் மறுத்து வேறொன்றைக் கொடுக்கும். சில வேளை ரவுட்டரே பிந்தி எழும்பும். அப்போது பல கருவிகள் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தாமே போட்டுக்கொள்ளும். அந்த எண்ணை எங்கே கண்டாலும், கருவி கேட்டது, பதில் சொல்ல யாரும் இருக்கவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. ரவுட்டரின் பக்கத்தைப் போனில் திறந்தால் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேக் முகவரி இருக்கும். தொழிற்சாலையிலேயே கொடுக்கப்படும் 48 பிட் எண் அது. கரண்ட் போனாலும் மாறாது. சேர்வரின் மேக் முகவரியைப் பெட்டியின் அடியில் ஒட்டி வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. போன்களை மட்டும் இப்படி அடையாளம் காண முடியாது. இந்தக் காலத்துப் போன்கள் வைஃபைக்கு வைஃபை பொய் மேக் முகவரி காட்டுகின்றன.

சின்னம்மா வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபைபர் ரவுட்டரோடு, அது நின்றால் பாவிக்க சிம் போடும் ரவுட்டர் ஒன்றும். இரண்டாவது 192.168.8 என்று தொடங்கும் தனி வலை. கரண்ட் போன இரவில் போன் அதற்குத் தாவிவிட்டது, சேர்வரோ வயர் மூலம் முதலாவதில் நின்றது. ஒரே சுவரில் இரண்டு வைஃபை இருந்தாலும் ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்க முடியாது. எண்ணுக்குப் பதில் பெயரால் கூப்பிடும் வசதி ஹோம் அசிஸ்டன்டில் உண்டு. அதுவும் இந்த எல்லையைத் தாண்டாது, பழைய அண்ட்ராய்டு போன்களில் வேலையும் செய்யாது. ஆகவே எண்ணை நிலையாக்குவதுதான் வழி.

ரவுட்டரில் சேர்வரின் மேக் முகவரியைக் குறித்து, இதற்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கிவிடலாம். சேர்வரிலேயே எண்ணைக் கையால் பதிவதும் உண்டு. ஆனால் எல்லாக் கணக்கும் ஓரிடத்தில் இருப்பதால் நான் விரும்புவது இதைத்தான். எண்ணின் கடைசிப் பகுதியில் வந்துபோகும் போன்களுக்கு 100 முதல் 200 வரை விட்டுவிட்டு, சேர்வர், கமரா, மோட்டர் சுவிட்ச் ஆகியவற்றை 100க்குக் கீழே வைத்தால் மோதல் வராது. சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றையும் ரவுட்டருக்குக் கொடுக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட பிறகு இவை நம் பக்கத்துக் கடைகளில் சாதாரணப் பொருளாகிவிட்டன. ரவுட்டர் அணையாவிட்டால் கணக்கும் அழியாது.

ஆனால் இடி விழுந்து ரவுட்டர் பழுதானால்? ஒக்ரோபர், நவம்பர் மழைக்காலத்தில் இங்கே அது நடக்கிற காரியம். புதிய ரவுட்டர் வரும். ஒதுக்கிய பட்டியல் பழையதோடு போய்விடும். புதியது வேறு எண்வரிசையோடு வந்தால், சேர்வரில் கையால் பதித்த எண்ணும் பயனற்றுப் போகும். அப்போது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் மாற்றத் தேவையில்லை. புதிய ரவுட்டரின் சொந்த எண்ணைப் பழைய ரவுட்டரின் எண்ணாக மாற்றி, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே கொடுத்து, ஒதுக்கீட்டைத் திரும்பப் பதிந்தால் வீடு பழையபடி நடக்கும். இதற்கு ஒன்றுதான் வேண்டும்: பழைய எண்கள் எங்காவது எழுதியிருக்க வேண்டும். சின்னம்மா வீட்டில் அவை ஸ்காபரோவில் இருந்த ஒரு மடிக்கணினியில் மட்டும் இருந்தன.

மகன் எழும்பியதும் பேசினோம். அவரது பக்கத்தில் வேறு தொல்லை. வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் நுழைய உதவும் விபிஎன் வழியாக உரும்பிராய் வீட்டுக்குள் வந்து 192.168.1.20இல் உள்ள கமராவைத் திறந்தால் அவருடைய சொந்தப் பிரிண்டரின் பக்கம் வருகிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டிலும் இது வரும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1996 பெப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் மூன்று எண்வரிசைகளை யாருக்கும் சொந்தமில்லாதவையாக ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையானவை, 192.168 என்று தொடங்குபவை. எவரிடமும் கேட்காமல் எந்த வீடும் இவற்றைப் பாவிக்கலாம். பொது இணையத்தில் இவை செல்லாது. அந்த மாதம் உரும்பிராய் ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடந்தது. யுத்தத்தால் நேர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமம் காலியாகி, சனம் தென்மராட்சியிலும் வன்னியிலும் இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கியது. கரண்ட் இல்லை, ரெலிபோன் இல்லை. திரும்பி வந்தவர்களின் வீடுகளில் இன்று அந்த எண்கள் ஓடுகின்றன என்பதை நினைக்கையில் எனக்கு மனம் நிறைகிறது.

வசதி கருதி ரவுட்டர் செய்பவர்களில் பலர் 192.168.1 அல்லது 192.168.0 என்றே வைத்து விற்கிறார்கள். ஆகவே ஸ்காபரோ வீடும் உரும்பிராய் வீடும் ஒரே எண்வரிசையில் இருக்கின்றன. மகனின் கணினி 192.168.1.20 என்றால் தன் வீட்டுக்குள்தான் முதலில் தேடும், பிரிண்டரைக் கண்டதும் அங்கேயே நிற்கும். விபிஎன்னில் பிழை இல்லை. உரும்பிராய் வீட்டுக்குத் தனக்கென்று ஒரு எண்வரிசை இல்லாததுதான் பிழை. 192.168.47 என்றோ 10.61.5 என்றோ, வேறெவரும் வழக்கமாக வைக்காத ஒன்றைத் தேர்ந்து பெற்றோர் வீட்டுக்கு வைக்க வேண்டும். ஒரே பிற்பகல் வேலை. அதற்குப் பிறகு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தாலும் அந்த எண் ஊர் வீட்டைத்தான் குறிக்கும்.

விபிஎன்னுக்கே வழி கிடைக்காத வீடுகளும் உண்டு. காரணம் எண் பற்றாக்குறை. இந்த எண்கள், அதாவது ஐபி நான்காம் பதிப்பின் எண்கள், மொத்தம் 429 கோடி. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3இல் பகிரப்பட்டன. நம் பகுதிக்குப் பொறுப்பான ஏப்நிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15இல் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டுக்கு வந்தது. இதனால் உலகெங்கும் பல நிறுவனங்கள் ஒரு பொது எண்ணுக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. சிம் போடும் ரவுட்டர்களில் இது பொதுவானது. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கின் சாதாரண வீட்டு இணைப்பும் இப்படித்தான். ரவுட்டரின் பக்கத்தில் வெளி எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், அல்லது 10 என்று தொடங்கினால், உங்கள் வீடு அப்படி ஒரு பொது எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் திறந்து மினக்கெடுவதில் பயனில்லை. ஸ்காபரோ வீட்டில் பொது எண் இருந்தால் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளின் வாயிலை அங்கே நிறுவி, உரும்பிராய்ப் பெட்டி அங்கே அழைக்கும்படி செய்யலாம். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் இதைச் செய்து தருகின்றன. அவை தமக்கும் அதே 100.64 வரிசையையே எடுப்பதால், பார்க்க வேண்டியது ரவுட்டரின் எண்ணை, போனின் எண்ணை அல்ல.

இத்தனை சிரமம் ஏன், ஒரு நிறுவனத்தின் பெட்டியை வாங்கிப் பூட்டினால் என்ன என்று கேட்பார்கள். ரிவோல்வ் என்ற வீட்டுக் கருவியின் சேவை 2016 மே மாதம் நிறுத்தப்பட்டதும் காசு கொடுத்து வாங்கியவர்களின் பெட்டிகள் செயலிழந்தன. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் நிறுவனத்தின் சேர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. தூர தேசத்துச் சேர்வரை நம்பிக் கிணற்று மோட்டரை ஓட்டுவது சரியென்று என்னால் சொல்ல முடியாது.

அதே காரணத்தால், தூர தேசத்துப் பிள்ளையை மட்டும் நம்பி ஓட்டுவதும் சரியல்ல. "அம்மாவுக்கு விளங்காது" என்று பிள்ளைகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைச் சோதனைக்குப் படிப்பித்தவர்கள் இவர்கள். சின்னம்மா ரவுட்டர் பட்டியலில் சேர்வரைத் தானே கண்டுபிடித்தார். கைபிடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் அவருக்குக் கொடுக்கப்படாததுதான் அதுவரை தடையாக இருந்தது. மகன் அன்றே அதைச் சொல்ல, அவர் காணி உறுதி வைக்கும் கொப்பியில் எழுதிக்கொண்டார். அதன் கீழே புதிய எண்வரிசை, சேர்வரின் எண், கமராக்களின் எண்கள், மேக் முகவரிகள், ஒரு பக்கத்துக்குள்.

இந்த மழைக்காலத்தில் ரவுட்டர் மாற்ற ஆள் வந்தால், பழைய பெட்டியைக் கழற்ற முன் அதன் பக்கத்தைத் திறந்து, எண்வரிசையையும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைப் பூட்டியதும் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குங்கள். எண்வரிசையைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை. பிறகு, ஆள் நிற்கும்போதே, மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, சேர்வர் அதே எண்ணில் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.