ரத்தத்தை இறைக்காதீங்க, மதகை இறக்குங்க

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கிற ஆண்களுக்கும், அவங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கும், அந்த ஊசியை எழுதிக் கொடுக்கிற என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுத்துக்கோங்க.

நம்ம டெல்டா பக்கம் ஹீமோகுளோபின் 9-னு வந்தா வீடே பதறும். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல்னு ஆரம்பிச்சுடுவாங்க. அதே ரிப்போர்ட்ல 18-னு வந்தா? "ரத்தம் நல்லா ஊறியிருக்கு டாக்டர்"னு சிரிச்சுக்கிட்டே நீட்டுறாங்க. திருக்காட்டுப்பள்ளியில உட்கார்ந்து நான் அடிக்கடி கேட்கிற வசனம் இது. ரத்தசோகையையே பார்த்துப் பழகின ஊர்ல, ரத்தம் கூடுறதை யாரும் வியாதியா நினைக்கிறதில்லை.

உங்க ரிப்போர்ட்டை எடுங்க. ஹீமோகுளோபினுக்குப் பக்கத்துல பி.சி.வி. அல்லது ஹீமட்டோகிரிட்னு ஒரு வரி இருக்கும். ரத்தத்துல நூத்துக்கு எத்தனை பங்கு சிவப்பணுங்கிற கணக்கு அது. ஆண்களுக்குச் சுமார் 40-லிருந்து 50 வரை. அது 54-ஐத் தாண்டினா, குழம்பு வத்தின மாதிரி ரத்தம் கெட்டியாகி, ஓடவே சிரமப்படும். தலைவலி, முகம் சிவக்கிறது, கண் மங்குறது, கிறுகிறுப்பு வரலாம். ஒண்ணுமே தெரியாமலும் இருக்கலாம். பலருக்கு ஒண்ணுமே தெரியாது, அதுதான் சிக்கல்.

ஏன் இப்படி ஆகுது? டெஸ்டோஸ்டிரோன், சிறுநீரகத்துல சுரக்கிற எரித்ரோபாய்டினைத் தூண்டுது. இரும்புச்சத்தைப் பூட்டி வைக்கிற ஹெப்சிடினை அமுக்குது. பூட்டு திறந்ததும் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு தாராளமா போகுது, சிவப்பணு பெருகுது. ஊசி ஏற ஏற இதுவும் ஏறும். வயசானவங்களுக்கு இன்னும் கூடுதலா ஏறும். தோல்ல தடவுற ஜெல்லை விட, சதையில போடுற ஊசியிலதான் இது அதிகம். காரணம், ஊசி போட்ட சில நாள்ல ஹார்மோன் அளவு உச்சத்துக்குப் போயிட்டுத்தான் இறங்கும்.

சஸ்டனான் 250-ன்னு ஒரு ஊசி. வழக்கமா மூணு வாரத்துக்கு ஒண்ணு. இதை வாரத்துக்கு ஒண்ணு போட்டுக்கிட்டு வர்றவங்களைப் பார்க்கிறேன். யார் சொன்னாங்கன்னு கேட்டா, ஜிம் மாஸ்டர். இல்லைன்னா வளைகுடாவுல கூடத் தங்கியிருந்த நண்பர். இது ஷெட்யூல் எச் மருந்துங்க. மருத்துவர் சீட்டு இல்லாம கடையில கொடுக்கவே கூடாது.

சரி, ரத்தம் கெட்டியாயிடுச்சு. நம்ம ஆளுங்க கைவசம் ரெண்டு வைத்தியம் இருக்கு. ஒண்ணு ஆஸ்பிரின். இன்னொண்ணு ரத்ததானம்.

முதல்ல ஆஸ்பிரின். "ரத்தத்தை இளக்குற மாத்திரை"ன்னு நாமளே பேர் வச்சு ஊரைக் கெடுத்துட்டோம். ஆஸ்பிரின் எதையும் இளக்காது. தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதைத்தான் தடுக்கும். தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டாலும் 56-ல இருக்கிற பி.சி.வி. 56-லதான் இருக்கும். கூடவே வயித்துப்புண், ரத்தக்கசிவு. பாலிசைதீமியா வேரான்னு ஒரு மஜ்ஜை நோய் உண்டு. அதுல ஆஸ்பிரின் பலன் தருதுன்னு 2004-ல ஐரோப்பிய ஆய்வு ஒண்ணு காட்டுச்சு. பி.சி.வி.யை 45-க்குக் கீழே வச்சா அந்த நோயாளிகளுக்கு இதய, ரத்தக்குழாய் மரணமும் பெரிய ரத்தக்கட்டும் குறையுதுன்னு 2013-ல இத்தாலிய ஆய்வு சொல்லுச்சு. ரெண்டும் அந்த நோய்க்கு. ஊசியால ஏறின ரத்தத்துக்கு அந்தச் சீட்டை அப்படியே காப்பியடிக்கிறது வைத்தியமில்லை. (உங்களுக்கு ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்ட்டோ இருந்து ஆஸ்பிரின் எழுதியிருந்தா அது வேற கதை. இதைப் படிச்சுட்டு அதை நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு.)

அடுத்து ரத்ததானம். இதைப் பத்திப் பேசினா எனக்கு அடி விழும்னு தெரியும். தானத்தை நான் குறை சொல்லல. தானம் கொடுத்துட்டா அதே அளவு ஊசியைத் தொடரலாம்ங்கிற கணக்கைத்தான் குறை சொல்றேன்.

ஒரு தடவை 350 மில்லி கொடுக்குறீங்க. பி.சி.வி. ரெண்டு மூணு புள்ளி இறங்கும். ஊசி நிக்கலையே, அடுத்த வாரமே மஜ்ஜை மறுபடி உற்பத்தியில இறங்கிடும். ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம். ஊசி வாராவாரம். எது ஜெயிக்கும்னு நீங்களே சொல்லுங்க. சிலர் இந்த இடைவெளியை ஏமாத்த வேற வேற முகாம்ல கொடுக்கிறாங்க.

ஒவ்வொரு பையோடவும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு வெளியே போகுது. நாலஞ்சு தடவைக்கப்புறம் உடம்புல இரும்பு காலி. அப்ப என்ன ஆகும்? அசதி. மூச்சு வாங்குறது. மனசு எதுலயும் ஒட்டாது. முடி கொட்டும். இதையெல்லாம் பார்த்துட்டு மனுஷன் என்ன முடிவுக்கு வர்றார்? "டெஸ்டோஸ்டிரோன் பத்தல." அளவைக் கூட்டுறார்! இன்னொருத்தர் இரும்பு மாத்திரை எழுதுறார். பி.சி.வி. திரும்ப ஏறுது. மறுபடி தானம். இந்தச் செக்குல சுத்துறவங்களை வெளியே இழுக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது.

குடமுருட்டி நம்ம ஊர்லதான் காவிரியை விட்டுப் பிரியுது. தண்ணி கரையைத் தொட்டா ஷட்டரை இறக்குவாங்க. வயல்ல நின்னு குடத்தால மொண்டு வெளியே ஊத்துறவனை ஊரே சிரிக்கும். மருந்தோட அளவைக் குறைக்கிறது ஷட்டரை இறக்குறது. மாசாமாசம் ரத்தத்தை எடுத்து ஊத்துறது அந்தக் குடம்.

அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியோட 2018 வழிகாட்டி இதைத் தெளிவாவே சொல்லுது. ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பி.சி.வி. பார்க்கணும். மூணுலிருந்து ஆறு மாசத்துக்குள்ள மறுபடி. அப்புறம் வருஷா வருஷம். 54-ஐத் தாண்டினா நிறுத்து, இறங்கட்டும், குறைந்த அளவுல திரும்ப ஆரம்பி. நடுவுல, ராத்திரி குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வருதான்னு பாரு. அதோட பீடி சிகரெட்டையும் நான் கேட்பேன். குறட்டையும் புகையும் தனியாவே ரத்தத்தைக் கெட்டியாக்கும். ஜெல்லுக்கு மாறலாம். ஊசியைச் சின்னச் சின்ன அளவாப் பிரிச்சுப் போடலாம். (ஜெல் தடவின தோலைக் கழுவாம, துணியால மூடாம குழந்தையைத் தூக்காதீங்க, அதுக்கும் ஒட்டும்.)

ரத்தம் எடுக்கவே கூடாதான்னா, இல்லை. சிவப்பணுவோட ஆயுள் சுமார் 120 நாள். ஊசியை இன்னைக்கு நிறுத்தினாலும் பி.சி.வி. மெதுவாத்தான் இறங்கும். ரொம்ப ஏறி, அறிகுறியும் இருந்தா மருத்துவமனையில ஒண்ணு ரெண்டு தடவை எடுக்க வேண்டி வரலாம். அது ஒரு அவசர உதவி. அதை வாடிக்கையாக்கக் கூடாது.

எதிர்வாதமும் கேட்டிருக்கேன். "54-ங்கிறது நிபுணர்கள் உட்கார்ந்து வச்ச கோடு, மலைமேல வாழுறவன் 55-ல நல்லாத்தானே இருக்கான்?" கோடு நிபுணர்கள் வச்சதுதான், ஒத்துக்கிறேன். ஆனா ஆண்டிஸ் மலையில தலைமுறை தலைமுறையா வாழுறவங்கள்லயே சிலருக்கு ரத்தம் அளவுமீறிக் கெட்டியாகி நாள்பட்ட மலைநோய் வருது. 2023-ல வந்த டிராவர்ஸ் ஆய்வு 5,246 ஆண்களைச் சேர்த்துச்சு. ஜெல் போட்டவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடல. நல்ல செய்தி. ஆனா நுரையீரல் ரத்தக்கட்டு, இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு அதிகமா இருந்துச்சு. அது ஜெல். கண்காணிப்போட கொடுத்தது. அதை வச்சு ஜிம்முல வாராவாரம் போடுற ஊசிக்கு நற்சான்று வாங்காதீங்க.

ஊசியே விஷம்னும் சொல்ல வரல. பிட்யூட்டரி அறுவைசிகிச்சை ஆனவங்க, விதைப்பை இழந்தவங்க, க்ளைன்ஃபெல்டர் பாதிப்போட பிறந்தவங்க, இவங்களுக்கு இது தேவை. திருநம்பிகளுக்கும் தேவை. அவங்க ரிப்போர்ட்ல பெண்களுக்கான அளவை அச்சடிச்சுட்டு "அதிகம்"னு பயமுறுத்துறாங்க. சிகிச்சை எடுக்கிறவங்களை ஆண்களுக்கான அளவோடதான் ஒப்பிடணும். மத்தவங்களுக்கு, அறிகுறியும் இருந்து, ரெண்டு வேற வேற நாள் காலையில எடுத்த ரத்தத்துலயும் குறைவுன்னு வந்தாத்தான் ஊசி. கல்யாணமான பசங்களுக்கு ஒண்ணு: இந்த ஊசி விந்தணு உற்பத்தியை அமுக்கும். உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடையாவே சோதிச்சுப் பார்த்திருக்கு. குழந்தைக்கு ஆசைப்பட்டுக்கிட்டே இதைப் போடாதீங்க.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, திடீர்னு மூச்சு முட்டினா, நெஞ்சு வலிச்சா, வாய் கோணினா, பார்வை போனா, ரிப்போர்ட் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. 108. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்.

அதெல்லாம் இல்லைன்னா, அடுத்த ஊசிக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில இலவசம், வெளியில சில நூறு ரூபாய். முதல் நாள் வெயில்ல நடவு வேலையோ கிரிக்கெட்டோ ஆடிட்டு, தண்ணி குடிக்காம வந்து கையை நீட்டாதீங்க. உடம்பு வறண்டிருந்தா பி.சி.வி. பொய்யா ஏறிக் காட்டும். ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போங்க. 54-க்கு மேல வந்தா, அடுத்த ஊசியைப் போடாம எழுதிக் கொடுத்தவர்கிட்ட அந்த ஒரு வரியைக் காட்டுங்க. எழுதிக் கொடுத்தவரே இல்லைன்னா, பக்கத்துல இருக்கிற எந்த மருத்துவர்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. யாரும் திட்ட மாட்டோம். நான் கொஞ்சம் திட்டுவேன்.