சாவியும் உறுதியும்

1948 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 7 இலட்சம் பாலஸ்தீன மக்கள் தம் ஊர்களை இழந்தனர். சில நாளில் மீளலாம் என்றெண்ணி, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றோர் அவருட் பலர். அச்சாவிகளை அவர்தம் பேரர் இன்றும் பேணுகின்றனர்.

தீவுப் பகுதியாருக்கு இது புதுமையன்று. 1990 ஆகஸ்டில் இராணுவம் இங்கு நுழைந்தபோது, மண்கும்பான், அல்லைப்பிட்டி, வேலணை மக்கள் பண்ணைக் கடலைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றனர். அங்கே சாவிக்கு இருந்த மதிப்பு இங்கே காணி உறுதிக்கு இருந்தது. வேலியும் கூரையும் போன பின்னரும், உறுதி பெட்டியின் அடியிற் கிடந்தது.

இத்துயரை அரபு நாட்டார் திரைப்படத்திற் பதித்த முறை நாம் அறியத்தக்கது. கசான் கனபானி என்னும் எழுத்தாளர் தம் 12 ஆம் வயதிற் குடும்பத்தோடு அகதியானவர். அவருடைய நாவலை எகிப்தியரான தௌபீக் சாலேஹ் 1972 இற் படமாக்கினார். பிழைப்பு நாடிக் குவெய்த்துக்குக் களவாகச் செல்லும் மூவர், வெறுமையான தண்ணீர்த் தாங்கி வண்டியினுள் ஒளிகின்றனர். எல்லைக் காவலர் சாரதியை வீண்பேச்சிலே தாமதிக்க, பாலைவன வெயிலில் மூவரும் மாள்கின்றனர். நாவலில், ஏன் தட்டவில்லை என்று சாரதி அரற்றுகிறான். படத்திலோ அவர்கள் தட்டுகிறார்கள். குளிர்சாதனப் பொறிகளின் இரைச்சலில் அது எவர் காதிலும் விழவில்லை.

நம்மவர் கதையும் திரைக்கு வந்ததுண்டு. அகதி முகாமிற் பிறந்து, பெற்றவளைப் பிரிந்த சிறுமியின் கதையை மணிரத்தினம் 2002 இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்ற படத்திற் கூறினார். 2015 இற் கான் விழாவிலே தலைப்பரிசான தங்கப்பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுப் படம் எமக்கு இன்னும் நெருங்கியது. அதன் நாயகராக நடித்த ஷோபாசக்தி, எம் அயலூராகிய அல்லைப்பிட்டியிற் பிறந்தவர்.

ஒருவரையொருவர் அறியாத ஆணும் பெண்ணும் ஒரு சிறுமியும், இறந்துபோன குடும்பமொன்றின் கடவுச்சீட்டுக்களோடு பிரான்சை அடைகின்றனர். உலகத்தார் கண்ணுக்கு அவர்கள் கணவன், மனைவி, மகள். சிறுமியோ ஏனைய தாய்மாரிடம் பிள்ளைகள் பெறும் அன்பைத் தானும் வேண்டி நிற்கிறாள். பொய்யாகத் தொடங்கிய குடும்பம் மெய்யாகுமா என்பதே கதையின் உயிர். முடிவில் வெடியோசை மிகுந்துவிட்டது என்பார் கூற்று பொருந்துவதே. எம் வீட்டுக் கதைகள் வெடியோசையோடு முடிவதில்லை. கடிதத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் காத்திருத்தலிலே நீள்கின்றன.

இங்கே நடுநிலை வேண்டும். அதே 1990 இன் ஒக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்ட தவணை இரண்டே மணி நேரம். அவர்களும் சாவியும் உறுதியும் உடையோரே. அவர் கதையை விட்டுவிட்டு எம் கதையை மட்டும் சொன்னால், அது பாதிக் கதையாகும்.

தரின் சல்லாம் என்னும் யோர்தானியப் பெண்மணி 2021 இல் ‘பர்ஹா’ என்ற படத்தை எடுத்தார். 1948 இல் தந்தை களஞ்சிய அறையில் ஒளித்துவைத்த சிறுமியின் வரலாறு அது. அகதியாய் வந்த ஒரு பெண் சொல்ல, நெறியாளரின் தாயார் கேட்டு, தம் மகளுக்குச் சொன்ன கதை. இரண்டு பெண்கள் வீட்டிலிருந்து பேசியது உலகப் படமாயிற்று.

மாணவ நேயர்களே! படம் எடுக்கப் பெரும்பணம் வேண்டும். கேட்பதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் அப்பாச்சியோ அம்மம்மாவோ எந்த ஆண்டில், எவ்வழியாய், யாரோடு புறப்பட்டார், எதை எடுத்தார், எதை விட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள். 1990 இல் நாற்பது வயதாயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். அவர் தட்டும் ஓசை நம் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. நம் வீட்டு இரைச்சலைச் சற்றே தணித்துச் செவிகொடுப்போம்.