போலீஸ் வேலை: சம்பளம் எவ்வளவு? சங்கடம் எவ்வளவு?

"பையன் பத்தாவது பாஸ். ஆளும் நல்ல உயரம். போலீசுல சேர்த்துடலாமா?"

ராயபுரத்தில் இருந்து தாம்பரம் வரை இந்தப் பேச்சு நடக்காத தெரு இல்லை. அரசாங்கச் சம்பளம், உடம்பில் காக்கி, தெருவில் ஒரு மரியாதை. மூன்றும் ஒரே வேலையில் கிடைக்கிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. விடியற்காலையில் மெரினா பக்கம் போனால், வாட்சைப் பார்த்துக்கொண்டே ஓடும் இளைஞர்களைப் பார்க்கலாம். காக்கிச் சட்டைக்காக ஓடும் ஓட்டம் அது!

ஆசை சரி. கணக்கு என்ன? கையில் வருவது எவ்வளவு? காலி இடம் எத்தனை? உள்ளே போனால் என்ன பாடு? பையனை அனுப்பும் முன் பெற்றோரும், ஓடும் முன் பையனும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

18,200 என்பது ஆரம்பம்

போலீஸ் ஏணியில் கடைசிப் படி இரண்டாம் நிலைக் காவலர். 2023 தேர்வு அறிவிப்பில் போட்ட சம்பள விகிதம் ரூ.18,200 முதல் ரூ.67,100 வரை. இந்த 67,100-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். அது பல வருஷ சர்வீசுக்கு அப்புறம் வரும் எண். சேருகிறவருக்கு 18,200-தான்.

ஆனால் அடிப்படைச் சம்பளம் மட்டும் சம்பளம் அல்ல. அதன் மேல் அகவிலைப்படி உண்டு. 2025 ஜனவரி 1 கணக்குப்படி தமிழ்நாட்டில் அது 55 சதவீதம். 18,200-க்கு 55 சதவீதம் என்றால் ரூ.10,010. இரண்டும் சேர்ந்து ரூ.28,210. இதோடு வீட்டு வாடகைப்படியும் சில்லறைப் படிகளும் சேரும். அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் தொகையும் ஏறும்.

இனி பிடித்தம். 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஓய்வுக்கால நிதி என்று அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் கழிகிறது. மேற்படி கணக்கில் ரூ.2,821 போய்விடும். இன்சூரன்சு, மற்றவை தனி. போலீஸ் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வாடகைப்படி நின்றுவிடும். ஆனால் சென்னையில் இன்று விற்கும் வாடகைக்குக் குவார்ட்டர்ஸ் கிடைப்பதே பெரிய லாபம். போலீசுக்கு வீடு கட்டவென்றே 1981-இல் தனிக் கழகம் தொடங்கினார்கள். இருந்தும் கேட்ட உடனே வீடு கிடைத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட், 3 சதவீதம். தொடக்கத்தில் அது ஐந்நூறு, அறுநூறு ரூபாய்தான்.

பட்டதாரிகளுக்கு நேரடி சப்-இன்ஸ்பெக்டர் வேலை இருக்கிறது. அதன் விகிதம் ரூ.36,900 முதல் ரூ.1,16,600 வரை. ஆரம்பச் சம்பளமே காவலருக்கு இரண்டு மடங்கு! டிகிரி படிக்க வசதியுள்ள பையன் அதை முடிக்காமல் பத்தாவதோடு ஓடுவது புத்திசாலித்தனமா என்று வீட்டில் பேசிப் பார்க்க வேண்டும்.

ஒரு இடத்துக்கு நூறு பேர்

ஆட்களை எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வு. 2020-இல் 10,906 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 2022-இல் 3,552. 2023-இல் 3,359. 2025-இல் 3,665. நடுவில் 2021-லும் 2024-லும் காவலர் தேர்வுக்கு அறிவிப்பே இல்லை.

இந்த எண்களைச் சும்மா படித்துவிட்டுப் போகக் கூடாது. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 26. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31. ஒரு வருஷம் அறிவிப்பு வராவிட்டால், அந்த வருஷம் வரம்பைத் தாண்டியவனுக்குக் கதவு அடைத்துக்கொள்கிறது. அவன் ஓட்டத்தில் தோற்கவில்லை. பரீட்சையிலும் தோற்கவில்லை. காலண்டரில் தோற்றான்! ஒரு வருஷம் பத்தாயிரம், அடுத்த வருஷம் பூஜ்யம் என்று இல்லாமல், வருஷா வருஷம் இத்தனை பேர் என்று அரசு முறையாக எடுத்தால் இந்தத் தவிப்பு குறையும். ஓய்வு பெறுகிறவர்கள் எண்ணிக்கை இலாகாவுக்கு முன்கூட்டியே தெரியும். திட்டம் போட முடியாத விஷயம் அல்ல இது.

போட்டி எப்படி? 2022 தேர்வுக்கு மூன்றரை லட்சம் பேருக்கு மேல் மனு போட்டார்கள். ஒரு இடத்துக்கு நூறு பேர். ஒருவர் உள்ளே, 99 பேர் வெளியே. "இதை விட்டா வேற வழி இல்லை" என்று ஐந்து வருஷம் இதையே நம்பி உட்காருவது ஆபத்து. தொழிற்பயிற்சியோ, டிகிரியோ, வேறு அரசுத் தேர்வோ பக்கத்திலேயே ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

உடம்பும் வேண்டும், மூளையும் வேண்டும்

ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். பெண்களுக்கு உயரம் 159, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில். இதில் தவறினால் வீட்டுக்குத்தான். தேறியவர்களுக்குக் கயிறு ஏறுதல், தாண்டுதல், வேக ஓட்டம் என்று அடுத்த கட்டம்.

ஆனால் உடம்பை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மொத்தம் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70. உடல்திறனுக்கு 24. என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. அதற்கும் முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று இருக்கிறது. 80 கேள்வியில் 32 மதிப்பெண் வாங்காதவரின் மற்றத் தாளைத் திருத்த மாட்டார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆகவே, விடியற்காலை ஓட்டத்தோடு சாயங்காலம் புத்தகமும் வேண்டும்.

இன்னொன்று. காவலர் தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது! மதிப்பெண்தான் பேசும். "மேலிடத்துல சொல்லி முடிச்சுத் தரேன், சில லட்சம் ஆகும்" என்று வருகிற புரோக்கர் எந்த இடத்தில் முடித்துத் தருவார்? முடிக்க இடமே இல்லை. நகையை அடகு வைத்து அவரிடம் கொடுத்தால் நகையும் போகும், வயதும் போகும்.

ஒரு சின்னத் தகராறு போதும்

எல்லாம் தேறிய பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. அதுதான் நடத்தை விசாரணை. கிரிமினல் கேஸ் இருந்தால் வேலை இல்லை. கோர்ட்டில் விடுதலை ஆனாலும், "சந்தேகத்தின் பலனை அளித்து" விடுதலை என்று தீர்ப்பில் இருந்தால், கேசில் சம்பந்தப்பட்டவர் என்றே போலீஸ் பணி விதி எடுத்துக்கொள்கிறது. திருவிழாக் கைகலப்பு, பஸ் டே ரகளை, நண்பனுக்காகப் போய் நின்ற அடிதடி எல்லாம் அன்றைக்கு வீரமாகத் தெரியும். நான்கு வருஷம் கழித்து அதே எப்.ஐ.ஆர். வந்து குறுக்கே நிற்கும். கேஸ் இருப்பதை மறைத்தாலோ இன்னும் மோசம். போலீஸ் ஆசை உள்ள பையனைப் பெற்றவர்கள் இதை இன்றே அவன் காதில் போட வேண்டும்.

உள்ளே போன பிறகு

சினிமாவில் பார்க்கிற போலீஸ் வேறு. பயிற்சி முடிந்த மறுநாளே ஸ்டேஷனில் உட்கார்ந்து கேஸ் பிடிக்க முடியாது. பயிற்சிக்குப் பிறகு ஆயுதப்படை, அல்லது ஆவடி, மணிமுத்தாறு போன்ற இடங்களில் உள்ள சிறப்புக் காவல் படை. பாரா டியூட்டி, ஊர்வலம், தேர்தல், கோயில் திருவிழா, வி.ஐ.பி. போகும் வழியில் பந்தோபஸ்து. வெயிலில் நின்றே சில வருஷம் ஓடும். அதன் பிறகே ஸ்டேஷன்.

பதவி உயர்வு? நெடுங்காலம் இருந்த கணக்கு இது: பத்து வருஷத்தில் முதல்நிலைக் காவலர், இன்னும் ஐந்தில் ஏட்டு, இன்னும் பத்தில் சிறப்பு எஸ்.ஐ. மொத்தம் 25 வருஷம். 22 வயதில் சேர்ந்தவர் தோளில் நட்சத்திரம் ஏற 47 வயது! குறுக்கு வழி ஒன்று உண்டு. நியாயமான வழிதான். நேரடி எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீத இடம் இலாகாவில் வேலை பார்ப்பவர்களுக்கு. வேலையில் இருந்துகொண்டே டிகிரி முடித்துத் தேர்வு எழுதி நட்சத்திரம் வாங்கலாம். ஆனால் டியூட்டிக்கு நடுவே புத்தகத்தைத் தொட மனத்திடம் வேண்டும்.

டியூட்டி நேரம்தான் பெரிய பிரச்சினை. மற்ற அரசு ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. தீபாவளி என்றால் குமாஸ்தாவுக்கு லீவு, போலீசுக்குக் கூடுதல் டியூட்டி. காவலர் முதல் ஏட்டு வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டதே 2021-இல்தான். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. ஸ்டேஷனில் ஆள் குறைச்சலாக இருந்தால், "இந்த வாரம் முடியாதுப்பா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் காவலர் என்ன செய்வார்?

மற்ற ஊழியர்களாக இருந்தால் சங்கத்தில் சொல்வார்கள், கொடி பிடிப்பார்கள். 1966-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் போலீஸ்காரருக்குத் தொழிற்சங்க உரிமையைக் கட்டிப் போட்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் மனு வாங்குகிறவர், தன் மனுவை எங்கே கொடுப்பது? காவலர்களின் மன அழுத்தம் பெரிய விஷயமாகி, 2018-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையோடு சேர்ந்து நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்க வேண்டி வந்தது. போலீஸ் சீர்திருத்தத்துக்கு 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். கமிஷன்கள் புதிதல்ல. சிபாரிசுகள் ஸ்டேஷன் வாசல் வரை வந்து சேருகிறதா என்பதுதான் காவலர் குடும்பங்களின் கேள்வி.

லத்தி போதாது

இன்றைய போலீசுக்கு என்ன திறமை வேண்டும்? முன்பு கை பலமும் குரல் பலமும் போதும் என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. வீட்டைச் சோதனை போட்டால் வீடியோ எடுக்க வேண்டும். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் வந்து பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். அவர் வரும் வரை தடயத்தைக் கலைக்காமல் காப்பவர் யார்? முதலில் போய் நிற்கும் காவலர்தான்! புகார் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. பேங்க் பணம் போனால் ஜனங்கள் 1930-க்குப் போன் போடுகிறார்கள். டைப் அடிக்கவும், போன் விவகாரம் புரியவும், தப்பில்லாமல் ஒரு அறிக்கை எழுதவும் தெரிந்தவருக்கு ஸ்டேஷனில் தனி மதிப்பு. ரைட்டர் நாற்காலி அவரைத் தேடி வரும்.

எல்லாவற்றுக்கும் மேல் வேண்டியது நிதானம். 2020-இல் சாத்தான்குளம், 2025-இல் திருப்புவனம். இரண்டிலும் விசாரணைக்குப் போனவர்கள் பிணமானார்கள். காக்கி போட்டவர்கள் கைதிகளாக ஜெயிலுக்குப் போனார்கள். அதில் சாதாரணக் காவலர்களும் உண்டு. "மேல இருக்கிறவங்க சொன்னாங்க, செஞ்சேன்" என்பது கொலைக் கேசில் யாரையும் காப்பாற்றாது. கையை ஓங்கச் சொன்னாலும் ஓங்காமல் நிற்கத் தெரிவதும் இந்த வேலைக்கு ஒரு தகுதி. அதற்கு மதிப்பெண் போடும் தேர்வு இல்லை. செத்தவர் குடும்பம், ஜெயிலுக்குப் போனவர் குடும்பம் என்று இரண்டு வீடுகள் அழிவதைத் தடுப்பது அதுதான்.

பெண்களுக்கு எப்படி?

தமிழ்நாடு போலீசில் பெண்கள் சேர்ந்தது 1973-இல், விரல் விட்டு எண்ணும் அளவில். 1992-இல் ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் ஸ்டேஷன். 2010-இல் லத்திகா சரண் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. பாதை திறந்திருக்கிறது. ஆனால் பந்தோபஸ்துக்கு நிற்கும் இடத்தில் கழிவறை உண்டா, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்பதெல்லாம் அன்றாடத் தொல்லை. மகளை அனுப்பும் வீடு, கூட மாட நிற்கவும் தயாராக இருக்க வேண்டும்.

என்ன முடிவு செய்யலாம்?

மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம். 60 வயது வரை வேலை. அகவிலைப்படி ஏறும். தனியார் கம்பெனியில் இன்று வேலை, நாளை இல்லை என்ற காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. மறுபக்கம், ஓய்வு குறைவு, பதவி உயர்வு மெது, மேலதிகாரி ஏச்சு, ஜனங்களின் பேச்சு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, "ஜனங்களுக்கு நடுவுல நின்னு வேலை செய்யப் பிடிக்கும்" என்று சொல்கிற பையனுக்கு இது நல்ல வேலை. "காக்கி போட்டா நாலு பேர் பயப்படுவான்" என்று சொல்கிறவனுக்கு வேறு வேலை பார்ப்பது நல்லது. அவனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

ஓடுகிறவர்கள் ஓடட்டும். பிறந்த தேதியைப் பார்த்து இன்னும் எத்தனை தேர்வு எழுத முடியும் என்று எண்ணிக்கொண்டு ஓடட்டும். கையில் இன்னொரு தொழிலும் இருக்கட்டும்.