திருப்பி அனுப்பும் சரக்குக்கும் ரசீது வேண்டும்

பழுதான செல்போனைக் கூரியரில் திருப்பி அனுப்புகிறோம். வழியில் காணாமற்போகிறது. விற்றவர் "சரக்கு வந்து சேரவில்லை" என்கிறார்; கூரியர்காரர் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டுகிறார். வரும் சரக்கை எடை போட்டு இறக்கும் வியாபாரிகள், போகும் சரக்கைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியருக்கும் பொருந்தும். மதிப்பைத் தெரிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், சாதாரணமாக இழப்பீடு கூலியைப் போல் பத்து மடங்குக்குள்தான். 100 ரூபாய்க் கூலியில் போன 15,000 ரூபாய் செல்போனுக்கு 1,000 ரூபாய்! ஆகவே கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், எடையையும்தான். கட்டுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்றவரே ஆள் அனுப்பி எடுத்துப்போனால் அதன்பின் பொறுப்பு அவருடையதே என்பது என் கருத்து. அதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்று. புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் கூரியர்மேல் வழக்கே போட முடியாது. "தேடிக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி" என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். நீங்கள் நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.