எம்.சாண்டா... கிரஷர் டஸ்ட்டா?

வேதாரண்யத்தில் வீடு கட்டுகிறவருக்கு மணல் எப்போதுமே தலைவலிதான். காலடியில் தோண்டினாலே மணல், ஆனால் உப்பு மணல்! அதைப் போட்டுக் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், சில வருடத்தில் சீலிங் பெயர்ந்து சோற்றில் விழும். ஆற்று மணல் வேண்டுமென்றால் கொள்ளிடத்தைப் பார்க்க வேண்டும். கொள்ளிடத்தின் லட்சணம் ஊருக்கே தெரியும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே வருடம் நவம்பர் 16-ல் கஜா வந்து கூரை வீடுகளைப் பிய்த்துப்போட்டது. இனி கான்கிரீட்தான் கதி என்று ஆகிப்போன இந்த ஊருக்கு எம்.சாண்ட் ஒரு வரம் என்கிறார்கள்.

வரம்தான், நிஜ எம்.சாண்டாக இருந்தால். கருங்கல்லை ஜா கிரஷர், கோன் கிரஷர் என்று படிப்படியாக உடைத்து, கடைசியில் வி.எஸ்.ஐ. மெஷினில் கல்லோடு கல்லை மோதவிட்டு முனை மழுக்கி, 4.75 மி.மீ.க்குள் சலித்து, அதிகப்படியான தூசியைத் தண்ணீரில் கழுவி எடுப்பது. உப்பும் கிடையாது. இதோடு யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் டஸ்ட்டோடுதான். அதுவும் சாம்பல் நிறம், இதுவும் சாம்பல் நிறம். லாரியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் பிரம்மனாலும் கண்டுபிடிக்க முடியாது. நுண்தூசி தண்ணீரைக் குடிக்கும். கொத்தனார் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவார். கான்கிரீட்டின் பலம் அங்கேயே போச்சு. 75 மைக்ரானுக்குக் கீழான தூசி 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 383. அதை அளந்து பார்த்து வாங்குகிற வீட்டுக்காரர் எத்தனை பேர்?

பி.காம். படிக்கிறவர்கள் அக்கர்லாஃப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால் மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்தே விரட்டிவிடும் என்று 1970-ல் பழைய கார்களை வைத்து எழுதினார் (2001-ல் நோபல் பரிசு). கழுவிச் சலித்துச் செலவு செய்கிற ஆலை, டஸ்ட்டை அள்ளிப்போடுகிறவன் விலையோடு எப்படிப் போட்டி போடும்? 2023-ல் அரசு எம்.சாண்ட் கொள்கை வெளியிட்டது. பொதுப்பணித்துறை சான்றிதழும் உண்டு. ஆனால் சான்றிதழ் ஆலைக்கு, வாசலில் கொட்டுகிற லோடுக்கு இல்லையே சாமி!

அடுத்தது அந்த 'சுற்றுச்சூழல் நண்பன்' பட்டம். டெல்டாவில் பாறை ஏது? வேதாரண்யத்துக்குக் கல் வேண்டுமென்றால் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து மலைதான் உடைய வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை தனி. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள், சந்தோஷம். திருமயம் அந்தக் கோட்டுக்கு வெளியே. அங்கே குவாரிகளைப் பற்றிப் புகார் கொடுத்துவந்த முன்னாள் கவுன்சிலர் ஜகபர் அலி 2025 ஜனவரி 17-ல் லாரி மோதி இறந்தார். விபத்து என்று தொடங்கியது கொலை வழக்காகி, குவாரி உரிமையாளர்கள் உட்படச் சிலர் கைதாகி, சி.பி.சி.ஐ.டி. வரை போனது. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று மலையைத் தின்பதற்குப் பச்சைப் பெயிண்ட் எதற்கு?

ஒவ்வொரு லோடுக்கும் பில்லில் ஆலை பெயர், எடை, சல்லடைச் சோதனை முடிவு எழுதித் தரச் சொல்லிச் சட்டம் போடட்டும். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன கலந்தது என்று அச்சடிக்க முடிகிறது, ஆயுள் முழுக்கத் தலைக்கு மேல் நிற்கப்போகிற சமாச்சாரத்துக்கு முடியாதா? அதுவரை ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு கைப்பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மேலே சேறாகப் படிவது கனமாக இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.