கழற்றுவதற்கு முன் கண்டுபிடியுங்கள்



இந்த வருடம் மட்டும் நம் வட்டத்தில் மூன்று பேர் பழைய மஹிந்திரா ஜீப் வாங்கிப் படம் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் மூவரும் பிறகு தனித்தனியாக என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "சார், எதை மாத்தணும்?" அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்பதால்தான் பழைய வண்டி பணத்தைத் தின்கிறது என்பது என் கருத்து. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஹிந்திரா 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் வந்தவைதான் உங்கள் வண்டிகள். உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. இரும்பு, ரப்பர், டீசல், 12 வோல்ட் மின்சாரம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு இயற்பியல் மறக்காமல் இருந்தால், கோளாறு எங்கே என்பதை வீட்டு வாசலிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஸ்டார்ட் ஆகாத வண்டி. செல்ஃப் போட்டால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. உடனே பேட்டரி, அடுத்து செல்ஃப் மோட்டார் என்று மாற்றுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். டீசல் என்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருப்பிடித்த ஒரு எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். V = IR போட்டுப் பாருங்கள்: 2 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. புதுப் பேட்டரி வைத்தாலும் அதே 2 வோல்ட் போகும். இவ்வளவு சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் பிடிக்க முடியாது. அதனால் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜின் இரும்பிலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் பக்கம்தான். உப்புத்தாளும் ஸ்பேனரும் போதும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? சைலன்சரைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை: டேங்க், ஃபில்டர், குழாயில் காற்று என்று வரிசையாகப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை: சூடு போதவில்லை. எம்எம் 540-இல் வந்த பியூஜோ வகை என்ஜினுக்குக் குளிரில் ஹீட்டர் பிளக் அவசியம். நான்கையும் வாங்கிவிடாதீர்கள். அவற்றை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துப் பாருங்கள். எந்த பிளக்கில் பல்ப் எரியவில்லையோ அது போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

"பார்ட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, மாற்றிப் பார்ப்பதுதானே லேசு" என்று நம் மருமகன் ஒருவர் வாதாடினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று சாமானை ஒரே நாளில் மாற்றி வண்டி ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை அதே கோளாறு வந்தால் மறுபடி மூன்றையும் வாங்குவீர்கள். நல்ல நிலையில் இருந்த பழைய சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதைவிட மட்டமான புதுசைப் பொருத்துவதும் நடக்கிறது. ஆய்வகத்தில் சொன்ன விதிதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், நோட்டில் எழுது.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயம். மூன்று படங்களிலும் பெரிய டயர், கூரையில் வரிசையாக விளக்கு, புது பெயின்ட் எல்லாம் பார்த்தேன். பிரேக்கைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஓடாத வண்டியால் யாரும் சாவதில்லை. நிற்காத வண்டியால்தான் சாகிறார்கள். பழைய ஜீப்களில் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்காவது ஓரிடத்தில் குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கலாம். போடிமெட்டு இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டாத ஒன்றல்ல. ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. தேனியிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்கும் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். அங்கே இது எத்தனை குடும்பங்களின் விஷயம்!

இதையும் கண்டுபிடித்துவிட்டே தொடுங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. மிதித்தபடியே இருக்கும்போது மெல்ல இறங்கி, வெளியே ஒழுகலும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர். பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஏதோ ஒரு சக்கரத்தில் லைனிங்மேல் ஆயில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடியில் படுக்கும் முன் இன்னொன்று. வில்லிஸ் வழி வந்த ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் உருள கிரவுன் இடம் கொடுத்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழலாம். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும்.

அப்படியானால் மெக்கானிக் வேண்டாமா? நிச்சயம் வேண்டும். டீசல் பம்பு, நாசில், கியர்பெட்டி இவை வாசலில் பிரிக்கும் வேலை அல்ல. பிரேக்கை நீங்களே பார்த்திருந்தாலும், மலைக்குப் போகும் முன் அனுபவசாலி ஒருவர் ஓட்டிப் பார்க்கட்டும். ஆனால் அவரிடம் போய் "என்னமோ சரியில்ல, பாருங்க" என்று சொல்வதற்கும், "செல்ஃப் நல்லா சுத்துது, வெள்ளைப் புகை வருது, ரெண்டாவது ஹீட்டர் பிளக் மாத்தியும் பிடிக்கல" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவது மாதிரி பேசுகிறவரிடம் நல்ல மெக்கானிக் மனம் விட்டுப் பேசுவார். ஏமாற்ற நினைப்பவர் யோசிப்பார். மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்க வீட்டில் வேலை பார்க்காதீர்கள். உங்கள் வண்டியை நீங்களே தெரிந்துகொள்ளப் பாருங்கள்.

ஆகவே விளக்குக்கும் டயருக்கும் ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஜோடி ஸ்டாண்டு, ஒரு புது டப்பா பிரேக் ஆயில் வாங்குங்கள். மிச்சமிருந்தால் விளக்கு. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கேட்கும்போது என்ன பார்த்தீர்கள், எத்தனை வோல்ட், என்ன நிறப் புகை என்று எழுதுங்கள். "ஓடல சார்" என்று மட்டும் எழுதினால் பழையபடி மார்க் குறைப்பேன்.

பத்திரமாக ஓட்டுங்கள்.