"பெண்ணே எதிரி": ஓர் ஏகாரம் யாரை விடுவிக்கிறது?

தமிழில் "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்பார்கள். இந்தியில் "ஔரத் ஹீ ஔரத் கீ துஷ்மன் ஹை". இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள்; வாக்கியம் மட்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருக்கிறது. தெருமுனையில் மட்டும் கேட்கும் வாக்கியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்து தேநீர் அருந்தும் அறைகளிலும், பாலினக் கருத்தரங்குகளின் உணவு இடைவேளைகளிலும், படித்தவர்கள் ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதே இதற்குச் சான்று போலவும் காட்டப்படுகிறது.

ஏகாரத்தின் பொருள்களை அடுக்கும் நன்னூல் பிரிநிலையை முதலில் வைக்கிறது. ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. "அவனே திருடினான்" என்றால் ஐயத்துக்குரிய மற்றவர்கள் அந்தக் கணமே வீட்டுக்குப் போகலாம். இந்தியின் "ஹீ"யும் இவ்விடத்தில் அதே வேலையைச் செய்கிறது. ஆக, "பெண்ணே எதிரி" என்னும்போது வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் யார் யார்? பெண் பார்க்க வந்து நிறத்தை அளந்து போனவர், நிறத்துக்கேற்ப வரதட்சணையைக் கூட்டியும் குறைத்தும் பேசிய குடும்பம், களிம்பு விற்ற நிறுவனம், கதாநாயகியின் நிறத்தை முடிவு செய்த தயாரிப்பாளர். ஒற்றை இடைச்சொல் இத்தனை பேருக்கும் விடுதலை வாங்கித் தருகிறது. வாக்கியம் பொய்யா மெய்யா என்று வாதிடுபவர்கள் அந்த ஏகாரத்தைக் கவனிப்பதில்லை.

வடமொழியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "சபத்னீ" என்றால் ஒரே கணவனைப் பங்கிடும் மனைவி. இந்தியின் சௌத், மராத்தியின் சவத், வங்காளியின் சதீன் ஆகிய அனைத்தும் அதன் வழிவந்தவை. அந்தச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பிறந்ததுதான் "சபத்ன" என்ற ஆண்பாற்சொல். அதன் பொருள் பகைவன். பொதுவாகப் பகை என்பதைக் குறிக்க ஒரு மொழிக்கு உவமை தேவைப்பட்டபோது அது போர்க்களத்துக்குப் போகவில்லை, இரண்டு மனைவிகள் வாழும் வீட்டுக்குப் போயிற்று. ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் 145ஆம் பாடல் சக்களத்தியை விரட்டுவதற்கானது. ஒருத்தி மூலிகையைத் தோண்டியெடுத்து, மற்றவளை அப்பால் அனுப்பிக் கணவனைத் தனக்கு மட்டும் ஆக்கும்படி வேண்டுகிறாள். இருவரையும் மணந்தவன் மீது அதில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. தமிழ்ச் "சக்களத்தி"க்கும் நாளது வரை ஆண்பால் இணை கிடையாது. (சகலை இருக்கிறாரே என்று யாரேனும் கேட்கலாம். சகலைகள் திருமண வீட்டில் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்பவர்கள்.)

அழகுப் போட்டிகளின் கதையும் இதுவே. 1994இல் இந்திய அழகிப் போட்டியில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் சம மதிப்பெண் பெற, கூடுதலாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியால் முதலிடம் சுஷ்மிதாவுக்குச் சென்றது. அதே ஆண்டில் ஒருவர் மணிலாவில் பிரபஞ்ச அழகியானார், மற்றவர் சன் சிட்டியில் உலக அழகியானார். இருவரும் வென்றார்கள், இருவருக்கும் அதற்குப் பின் வாழ்க்கை இருந்தது, தொழில் இருந்தது. ஆயினும் முப்பது ஆண்டுகளாக இதழ்கள் கேட்டுக்கொண்டிருப்பது "இருவருக்கும் இடையே என்ன பகை?" என்பதையே. மதிப்பெண் இட்ட நடுவர்கள் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் அரிது. மேடையைப் போட்டவர், கிரீடத்தைச் செய்தவர், விளம்பரதாரர் எவர் பெயரும் நினைவில் இல்லை. பகை என்ற சொல்லுக்கு அருகில் இரண்டு பெண்கள் மட்டும் எஞ்சினார்கள்.

1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. அதன் தொலைக்காட்சி விளம்பரங்களில் கறுத்த பெண் புறக்கணிக்கப்படுவாள், களிம்பு பூசியபின் வேலையோ வரனோ தேடி வரும். மகளிர் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 2003இல் சில விளம்பரங்கள் ஒளிபரப்பிலிருந்து நீக்கப்பட்டன. 2020இல் பெயரிலிருந்து "ஃபேர்" போய் "க்ளோ" வந்தது, களிம்பு போகவில்லை. இடையில் 2005இல் ஆண்களுக்கென ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்து, ஷாருக் கான் அதற்கு முகமானார். ஆண்களும் கண்ணாடி பார்க்கிறார்கள், நிறத்துக்காகப் பணம் செலவிடுகிறார்கள், அடுத்தவன் தலைமுடியைப் பார்த்துப் புழுங்குகிறார்கள். "ஆணுக்கு ஆணே எதிரி" என்று எந்த மொழியும் பழமொழி செய்யவில்லை. ஆண்கள் மோதிக்கொண்டால் அதற்குப் போட்டி என்றும் அரசியல் என்றும் வீரம் என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பெண்கள் மோதினால் பொறாமை என்ற ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கு மறுமொழியாகப் பெண்களுக்குள் பொறாமையே இல்லை, அனைத்தும் கட்டுக்கதை என்று சொல்லும் சகோதரித்துவப் பேச்சும் உதவாது. பொறாமை இருக்கிறது. விடுதியறையில் நான்கு பேர் உடுத்திக் கிளம்பும்போது ஐந்தாமவள் தலைவலி என்று படுத்துக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். படம் எடுக்கும்போது ஓரத்துக்கு நகர்பவளையும், நகர்ந்தவளைக் கண்டு நடுவில் நிற்பவளின் முகத்தில் தோன்றும் சிறு நிறைவையும் பார்த்திருக்கிறோம். அந்த நிறைவு அசிங்கமானது. அதை மறைத்து எழுதப்படும் பெண்ணியம் நேர்மையற்றது. கேள்வி வேறு. எந்தச் செல்வத்துக்கு ஒரு சமூகம் கதவுகளைத் திறக்கிறதோ அந்தச் செல்வத்தின்மீதே மக்கள் பொறாமை கொள்வார்கள். ஒருத்தி எந்த வீட்டில் வாழ்வாள், எவ்வளவு நகை கேட்கப்படும், அவ்வீட்டில் எப்படி நடத்தப்படுவாள் என்பதை முகம் தீர்மானிக்கும் நாட்டில் முகத்தின்மீது எழும் பொறாமை, நிலத்தின்மீதான பங்காளிப் பொறாமையைவிட எவ்வகையில் அற்பமானது? வரப்புக்காக வெட்டிக்கொண்டவர்களைக் குறித்து "ஆண்களின் இயல்பு" என்று எவரும் ஆய்வுக்கட்டுரை எழுதவில்லை. அங்கே நிலவுடைமை ஆராயப்படுகிறது.

பரிணாம உளவியலைக் கையில் எடுத்து வருபவர்களும் உண்டு. இணைக்கான போட்டி எல்லா உயிர்களிடத்தும் இருப்பதாக அவர்கள் கூறலாம். "வீட்டிஷ்" என்ற சொல்லை எந்தப் பரிணாமம் தந்தது? கறுப்பு என்று சொல்லக் கூசி, வெளுப்பு என்று சொல்ல முடியாமல், கோதுமையைத் துணைக்கு அழைக்கும் அந்த ஆங்கிலம் இந்தியத் திருமண விளம்பரங்களில் வளர்ந்த ஆங்கிலம். டெனிஸ் கண்டியோட்டி 1988இல் எழுதிய "ஆணாதிக்கத்தோடு பேரம்" என்ற கட்டுரை இங்கே பயன்படும்: அடங்கிப் போன மருமகளுக்கு, பின்னொரு நாள் மாமியாராகி ஆளலாம் என்ற வாக்குறுதி தரப்படுகிறது. அந்த வாக்குறுதியை நம்பியவர்களுக்கிடையே நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டு வாக்குறுதி கொடுத்தவர் திண்ணையில் செய்தித்தாள் படிக்கிறார்.

ஆய்வுத்துறைகளில் இதன் விலை அதிகம். ஒருத்திக்கு உதவித்தொகை கிடைத்தால் "வழிகாட்டிக்கு அவள் முகம் பிடித்துவிட்டது" என்கிறார்கள். தேர்வின் அளவுகோல் என்ன என்று மற்றொருத்தி எழுத்தில் கேட்டால் "பொறாமை" என்கிறார்கள். இரண்டு கூற்றுகளிலும் வழிகாட்டி செயப்படுபொருளாகக்கூட இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கெதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கின. அக்குழுவின் முன் ஒரு மாணவி பேராசிரியரைக் குறித்துப் புகார் தந்து, மற்றொரு மாணவியைச் சாட்சியாகக் குறிப்பிட்டால், நடைபாதைப் பேச்சு அதை ஒரே நாளில் இரண்டு பெண்களின் பூசலாக மாற்றிவிடுகிறது: அவள் இவளைவிட அழகு, இவளுக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பேச்சு பரவியபின் சாட்சி வரமாட்டாள். புகார்தாரரும் சில வாரங்களில் திரும்பப் பெறுவார்.

2020 ஜூன் மாதத்தில் ஷாதி டாட் காம் தன் தேடல் பக்கத்திலிருந்து நிற வடிகட்டியை நீக்கியது. அமெரிக்காவில் வாழும் தெற்காசியப் பெண்கள் சிலர் தமக்குள் பேசி, மனு எழுதி, கையொப்பம் திரட்டியதன் விளைவு அது. அவர்களில் சிவந்தவர்களும் கறுத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஒருவர் படத்தை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்தும் இருப்பார்கள். மனு என்னவோ, வடிகட்டியை வைத்த நிறுவனத்தின் முகவரிக்கே போயிற்று.